ஆறாவது தடம்

திங்கட்கிழமை காலை, வெளியே வெயில் பல்லை இளித்துக்கொண்டிருந்த நேரத்தில், மணல் பேச்சு மாறியது. போன வருஷம் 'ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வருஷம்' என்று சொன்ன அதே குழாய் மணல், அதே இயந்திரத்தில், அதே இருட்டறையில், 'எண்பத்து மூவாயிரம்' என்றது.

லட்சத்தார் திரையை இரண்டு தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் பார்த்தார். மணல் தப்பு செய்யாது, இயந்திரம் தப்பு செய்யாது, தான் தப்பு செய்தது பிறந்ததிலிருந்து கிடையாது. மிச்சம் இருப்பது மணலைக் கழுவுகிற அம்மாள் ஒருத்திதான்.

லட்சத்தார் என்பது ஆய்வுக்கூடமே சேர்ந்து அவருக்கு வைத்த பெயர். பணத்தால் வந்ததல்ல. எந்தப் பாலைவனத்திலிருந்து எந்தப் பிடி மண்ணைக் கொண்டுவந்து நீட்டினாலும், காப்பித்தூளை முகர்வதுபோல் முகர்ந்து பார்த்துவிட்டு, "லட்சம் வருஷத்துக்குக் குறையாது" என்று சொல்லிவிடுவார். பிறகு மணலும் மரியாதைக்குக் கட்டுப்பட்டு அதையே சொல்லும். முகத்துக்கு நேரே ஐயா, முதுகு திரும்பினால் லட்சத்தார். அது அவர் காதுக்கும் போயிற்று. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் திறமை அவருக்கு உண்டு.

அவர் தொழில் விசித்திரமானது. மணல் துகள் பூமிக்குள் இருட்டில் புதைந்து கிடக்கக் கிடக்க, சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெளிச்சம் பட்ட நொடியில் அத்தனையையும் உதறிவிட்டு, பச்சைப்பிள்ளைபோல் ஒன்றுமறியாமல் நிற்கும். எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று அளந்தால், அது கடைசியாக வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். இதற்காகப் பாலைவனத்தில் எஃகுக் குழாயை மணலுக்குள் அடித்து இறக்குவார்கள், மூடுவார்கள், கறுப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இருட்டறையில் ஒரு சிவப்பு விளக்கின் கீழ் திறப்பார்கள். வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய இரண்டு முனை மணலையும் வழித்துக் கதவோரத்து வாளியில் கொட்டிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் அளப்பார்கள்.

கழுவுகிற அம்மாள் அந்த இருட்டில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தவள். அவளைக் கூப்பிட்டார்.

"வெளிச்சம் விட்டிருக்கே."

"நான் விடல சார்."

"அப்போ மணலுக்குத் தானா இருபத்தொன்பதாயிரம் வயசு குறைஞ்சிடுச்சா? என்ன க்ரீம் பூசின, என் பெண்டாட்டிக்கும் சொல்லு."

"சார், இத்தனை வருஷத்துல அந்த ரூமுக்குள்ள நான் ஒரு மின்மினிப்பூச்சிய விட்டதில்ல. நீங்கதான் போன மாசம் செல்போனோட உள்ள போனீங்க."

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு, அவளே போட்டது. யாரும் சட்டென்று கதவைத் திறக்கக்கூடாது. வெளியே இருப்பவர் தட்டி, "உள்ளே எத்தனை?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஆள் கணக்கைச் சொல்லி, 'திற' என்றோ 'திறக்காதே' என்றோ சொல்ல வேண்டும். 'திறக்காதே' என்று வந்துவிட்டால், கட்டடம் தீப்பற்றினாலும் திறக்கக்கூடாது. ஒரு கீற்று வெளிச்சம் போதும், லட்சம் வருஷம் ஒரு நொடியில் போய்விடும். லட்சத்தாருக்கு இந்தச் சட்டம் கேலிக்கூத்தாகப் பட்டது. கழிப்பறைக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது என்பார்.

ஆனால் இந்த வாரம் கேலி செய்கிற வாரமில்லை. அவருடைய பெயர், பதவி, அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பத்திரிகை அட்டை எல்லாம் ஒரே கட்டுரையின் மேல் உட்கார்ந்திருந்தன. பாலைவனத்தில் வற்றிப்போன ஓர் ஏரியின் கரையில், ஐந்து மனிதர்களின் காலடித் தடங்களை அவர் கண்டெடுத்திருந்தார். நெட்டையான ஓர் ஆண், மூன்று பெண்கள், ஒரு குழந்தை. இன்று தும்மினால்கூட ஈரம் தங்காத அந்த வெள்ளைத் தரையில் அன்றைக்கு நாணல் வளர்ந்தது, நத்தை ஊர்ந்தது, நீர்யானை சேற்றில் புரண்டது. ஆதி மனிதர்கள் ஏரி ஏரியாகத் தாண்டி, குடும்பம் குடும்பமாக, சாவகாசமாக உலகத்துக்குள் நடந்து போனார்கள் என்பது கட்டுரையின் சாரம். இப்போது எங்கோ ஒரு பொறாமைக்காரர் சந்தேகம் கிளப்ப, பத்திரிகை கடிதம் போட்டிருந்தது: அதே மணலை மறுபடி அளந்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், ஒத்துப்போகாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். கட்டுரை போனால் லட்சத்தார் போனார். அதற்குக் கீழே அவருக்கு வேறு தரை கிடையாது.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாளை வெளியே உட்காரவைத்துவிட்டு, அவரே உள்ளே போனார். துணிச் செருப்பு மாட்டிக்கொண்டு, திரைச்சீலையைத் தாண்டி, கதவைச் சாத்தி, கண் பழகுவதற்காகக் கொஞ்ச நேரம் நின்றார். சிவப்பு வெளிச்சத்தில் எல்லாமே காய்ந்த ரத்தத்தின் நிறத்தில்தான் தெரியும்: மேசை, சல்லடை, தராசு, தன்னுடைய கை. குளிர்சாதனம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அமில நெடியும் பழைய ரப்பர் நெடியும் அவருக்குப் பழக்கம். அவற்றுக்கு அடியில், பழக்கமில்லாத ஒன்று, கோடை மழைக்கு முன்னால் குளக்கரையில் எழும்பும் பாசியும் சேறும் கலந்த நெடி, மெல்லிய நூலாக வந்து மூக்கில் நின்றது. கழுவுதொட்டியின் குழாயைத் தொட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. அந்த அம்மாள் ஈரத்துணியை எங்கேயோ போட்டு மறந்திருப்பாள். மூளை இருந்தால் ஏன் மணல் கழுவப் போகிறாள்.

ஒரு சிட்டிகை எடுத்து இயந்திரத்தில் வைத்தார். முப்பத்தோராயிரம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"என்னங்க இது, பாலைவனத்த வீட்டுக்கே கொண்டு வந்துட்டீங்களா? மத்தியானம் பூரா கூட்டி அள்ளறேன்."

"காத்துல வந்திருக்கும்."

"காத்துக்குக் கால் முளைச்சிருக்கு போல. வாசல்லருந்து உங்க நாற்காலி வரைக்கும் ஈரக்காலோட நடந்திருக்கீங்க. அதுவும் குதிகால் தரையில படாம. இந்த வயசுல பூனை நடை எதுக்கு? யாருக்குத் தெரியாம எங்க போயிட்டு வர்றீங்க?"

மத்தியானம் வீட்டுக்கே வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதனால் வழக்கம்போல் முகத்தைச் சுளித்து, "உனக்கு வேற வேலையில்ல," என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த ஒரு வாக்கியத்தால் அவர் சமாளிக்காத பிரச்சினை கிடையாது. நாற்காலிக்குப் பின்னால் தரை இன்னும் லேசாக ஈரமாக இருந்தது. கூட்டியது போக மிச்சமிருந்த இடத்தில் ஐந்து சின்னப் பள்ளங்கள். அதன்மேல் காலை வைத்துத் தேய்த்தார்.

தேய்த்தபோதுதான் அந்த அசைவு காலுக்குப் பழக்கமானது என்பது ஞாபகம் வந்தது. அவர் இதற்கு முன்பும் தேய்த்திருக்கிறார்.

ஏரிக்கரையில் தடங்கள் வெளிப்பட்ட மூன்றாம் நாள் அது. ஐந்து வரிசையும் துல்லியமாகத் தெரிந்தன. கடைசியாக நடந்தது குழந்தை. அந்தக் குழந்தையின் ஒவ்வொரு தடத்துக்குள்ளும் இன்னொரு தடம் இருந்தது. ஐந்து விரல்கள். குதிகால் இல்லை. முன்னே போனது எங்கே கால் வைத்ததோ அங்கேயே, ஒரு மயிரிழை பிசகாமல். இருபதாவது அடியில் குழந்தையின் தடம் முடிந்துபோயிற்று. ஓடவில்லை, விழவில்லை, திரும்பவில்லை. வலது கால், இடது கால், பிறகு வெறும் தரை. அதற்கடுத்து அந்த விரல்கள், இப்போது கடைசியாக நடந்துகொண்டிருந்த பெண்ணின் தடத்துக்குள் இருந்தன. அவளுக்கு நாற்பது அடி. அடுத்தவளுக்கு முப்பது. அப்படியே ஒவ்வொருவராக. முடிவில் நெட்டையனின் தடமும் நின்றது. அதைத் தாண்டி, யாருடைய தடத்துக்குள்ளும் இல்லாமல், தனியாக ஒன்று: ஐந்து விரல், குதிகால் இல்லை. அதற்கப்பால் மணல்மேடு.

ஜீப் ஓட்டுநர்தான் முதலில் வாயைத் திறந்தான். "சார், அஞ்சு பேர்னு எழுதறீங்க. ஆறாவது ஆளு கோவிச்சுக்கப் போறாரு."

"நீ வண்டிய ஓட்டு. ஆராய்ச்சிய நான் ஓட்டறேன்."

"ஓட்டுங்க சார், யார் வேணாங்கறா. ஆனா பாருங்க, முன்னாடி போனவங்கள்ல ஒருத்தர்கூட திரும்பிப் பார்க்கல. பின்னாடி ஒண்ணு வர்றது தெரியவே இல்ல போல."

ஆறு என்று எழுதினால் சாவகாசமாக நடந்து போகிற குடும்பம் என்னாவது? பத்திரிகையின் அட்டைப்படத்துக்கு அது உதவுமா? மறுநாள் புகைப்படக்காரர் வருவதற்குள், ஓட்டுநரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, லட்சத்தார் மண்டியிட்டுத் தூரிகையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தார். நாலு மணி நேர வேலை. மற்றவர்களின் தடங்கள் நின்றதற்கு 'காற்று அழித்தது' என்றும், குழந்தையின் தடம் நின்றதற்கு 'தாய் தூக்கிக்கொண்டாள்' என்றும் எழுதினார். தூக்கியிருந்தால் தாயின் தடம் ஆழமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதைப் பற்றி எழுதவில்லை. தனியாகக் கிடந்த கடைசித் தடத்தைத் தேய்க்கவில்லை. அதன் மேலேயே இரண்டு குழாய்களை அடித்து இறக்கினார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய், தடமும் போயிற்று, மாதிரியும் கிடைத்தது.

புதன்கிழமை காலை மணல் நாலாயிரத்து நூறு என்றது. மத்தியானம், இருநூற்று அறுபது.

இருநூற்று அறுபது வருஷம். எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். அந்த மணல் எந்தக் காலுக்கு அடியிலிருந்து எடுத்தது என்று அவர் நினைக்க விரும்பவில்லை, ஆனால் நினைப்பு கேட்டுக்கொண்டா வருகிறது. அது கடைசியாக எப்போது அந்த இடத்தில் கால் வைத்தது என்பதைத்தானே மணல் சொல்கிறது. லட்சம். எண்பதாயிரம். முப்பதாயிரம். நாலாயிரம். இருநூறு. வயசு குறையவில்லை. தூரம் குறைகிறது.

சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஜீப் ஓட்டுகிறவனின் புத்தி.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டாவது குழாயை எடுத்தார். அது இதுவரை திறக்காதது, கறுப்புத் துணி பிரியாதது, அவருடைய கடைசி மணல். கழுவுகிற அம்மாள் கதவருகே நின்றாள்.

"சார், நானும் வரேன். தனியா வேணாம்."

"எதுக்கு, இன்னும் கொஞ்சம் வயசு குறைக்கவா?"

அவள் அவருடைய காலுக்குப் பின்னால் தரையைப் பார்த்தாள். "நேத்து நீங்க வீட்டுக்குப் போறப்ப, இந்த நடைபாதையில ஈரமா இருந்துச்சு சார். நான்தான் துடைச்சேன். உங்க செருப்புத் தடம்னு நினைச்சேன்." கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. "செருப்புக்கு விரல் இருக்குமா சார்?"

"துடைக்கறது உன் வேலை. எண்ணறது என் வேலை," என்றார். கதவைச் சாத்தினார்.

உள்ளே நெடி இப்போது நூலாக இல்லை. அறை முழுக்க ஏரி. பாசி, அழுகிய நாணல், வெயிலில் வெந்த சேறு, ஏதோ பெரிய மிருகத்தின் ஈரத்தோல், எல்லாம் சேர்ந்து தொண்டையில் இறங்கிப் படிந்தது. குளிர்சாதனத்தின் முனகலுக்குள் தவளைகள் இருப்பதுபோல் பட்டது. காதைப் பொத்தினால் நின்றது, எடுத்தால் இருந்தது. குழாயின் மூடியைத் திருகினார். எத்தனையோ பாலைவனக் குழாய்களைத் திறந்த கை அது, எல்லாம் சர்ரென்று மாவாகக் கொட்டும். இது கொட்டவில்லை. களியாக, கட்டியாக, நசநசவென்று நழுவி வந்து தட்டில் உட்கார்ந்தது. தட்டின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது.

நடுவிலிருந்து ஒரு சிட்டிகை. இயந்திரத்தின் மூடியைச் சாத்தினார். சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின. பத்து நிமிஷம் ஆகும்.

முனை மணலை வாளியில் போடக் கதவோரம் நடந்தார். ஓர் அடி வைத்தார். நின்றார். பின்னால் இன்னொரு அடி விழுந்தது, மிக மெதுவாக, அவருடைய அடிக்கு அரை நொடி பிந்தி. எதிரொலி. இந்த அறையில் எதிரொலி கிடையாது. இருந்தாலும் எதிரொலி. கால் தடுமாறி வாளியில் இடித்தது. வருஷக்கணக்கில் சேர்ந்த மணல், ஆகாது என்று வழித்துப் போட்ட அத்தனை பாலைவனங்களின் வெளிச்சம் பட்ட மணல், தரையெங்கும் பரவி, மேசைக் கால்களைச் சுற்றி, சுவரில் போய் முட்டி நின்றது.

தூரிகை எங்கே? கூட்ட நேரமில்லை. அதன் மேலேயே நடந்து இயந்திரத்திடம் திரும்பினார். எட்டு அடி. எட்டுக்கும் பின்னால் எட்டு.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. திரும்பவில்லை. கழுத்துதான் ஏதோ திருகு இறுகினதுபோல் நின்றுவிட்டது. பிடரியில் ஈரக்காற்று பட்டது. சூடாக. விட்டுவிட்டு.

இயந்திரம் கீச்சிட்டது. எண் நின்றது.

பூஜ்யம்.

வருஷமில்லை, மாசமில்லை, நாளில்லை. இப்போது.

கதவு தட்டப்பட்டது. அவருக்குத் தூக்கிவாரிப்போட, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்." கழுவுகிற அம்மாளின் குரல், கதவுக்கும் திரைச்சீலைக்கும் அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல். "ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. உள்ளே எத்தனை?"

சின்னக் கேள்வி. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. 'ரெண்டு, திற' என்றால் போதும். கதவு திறக்கும், பகல் உள்ளே வரும், மனிதமுகம் வரும். தட்டில் இருக்கிற கடைசி மணல் அத்தனையையும் உதறிவிடும். கட்டுரை போகும். சுவரிலிருந்து அட்டை இறங்கும். மணல் கழுவுகிறவள் சொல்வாள், நான் அப்பவே சொன்னேனே என்று. ஜீப் ஓட்டுகிறவன் சொல்வான். பெண்டாட்டி சொல்வாள்.

இயந்திரம் பழுது, இன்னொரு சிட்டிகை வைத்தால் லட்சம் என்று வரும். வரும். வரவைக்கலாம்.

"சார்? உள்ளே எத்தனை?"

"ஒண்ணு," என்றார் லட்சத்தார். குரலில் பழைய இளக்காரம்கூட வந்தது. "ஒண்ணுதான். எண்ணத் தெரியாதா உனக்கு? திறக்காதே."

"சரிங்க சார்." அவளுடைய செருப்புச் சத்தம் நடைபாதையில் நிதானமாக விலகிப் போனது.

பிடரியில் காற்று நின்றது.

அப்போதுதான் அவர் திரும்பினார். தலையை மட்டும். தோளுக்கு மேலாக, தரையை மட்டும் பார்க்கிற அளவுக்கு.

வாளியிலிருந்து மேசை வரைக்கும் அவருடைய துணிச்செருப்புத் தடம். எட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்து விரல். குதிகால் இல்லை. முதல் தடத்தில் விரல்கள் லேசாக. இரண்டாவதில் அழுத்தமாக. ஏழாவதில் தண்ணீர் தேங்கியிருந்தது. எட்டாவதில் அவர் நின்றுகொண்டிருந்தார். செருப்புக்கு அடியில் மணல் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. விரல் விரலாக, உள்ளங்காலைத் தேடிக்கொண்டு.

"திற," என்றார். சத்தம் வரவில்லை.

வலது காலைத் தூக்கினார்.

சிவப்பு வெளிச்சம். தரை முழுக்க மணல். கதவை நோக்கித் துணிச்செருப்புத் தடம். வலது. இடது. வலது. இடது. பிறகு வெறும் மணல்.

அதைத் தாண்டி, கதவுப்பக்கமாக, தனியாக ஒன்று. ஐந்து விரல். குதிகால் இல்லை. நடைபாதையில் அந்த அம்மாளின் செருப்புச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.